கேம் மாமாவின் 'டாப் 4'

பட்டினப்பாக்கத்தில் எங்கள் தெருப் பசங்களுக்கு நான் 'கேம் மாமா'. 30 வருடமாகக் கம்ப்யூட்டர் கேம்ஸ் ஆடுகிறேனே! "உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச கேம் எது மாமா?" என்று அடிக்கடி கேட்பார்கள். ஒன்றல்ல, நான்கு!

டெட்ரிஸ்

மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். அவ்வளவுதான்! 1984-ல் மாஸ்கோவில் இதை உருவாக்கியவர் அலெக்ஸி பஜித்னோவ். அவருடைய கம்ப்யூட்டரில் படமே வராது. அதனால் அடைப்புக்குறிகளை வைத்தே கட்டங்களைக் காட்டினார்! 1989-ல் வந்த நின்டெண்டோ டெட்ரிஸை, 2023 டிசம்பரில் ஓர் அமெரிக்கச் சிறுவன் ஆடிக்கொண்டே போக, கேமே தாங்க முடியாமல் உறைந்து நின்றுவிட்டது. அந்தப் பையனுக்கு வயது 13!

பிரின்ஸ் ஆஃப் பெர்சியா

60 நிமிடத்துக்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். 1989-ல் வெளிவந்தது. இளவரசன் நிஜ மனிதனைப் போலவே ஓடுவான், தாவுவான். எப்படி? ஜோர்டான் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, தாவவிட்டு வீடியோ எடுத்தார். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அசைவையும் வரைந்தார்.

கதையில் இளவரசனின் நிழலே எதிரியாக வரும். அதை வெட்டினால் நமக்குத்தான் உயிர் குறையும்! வாளை உறையில் போட்டுவிட்டு அருகில் போனால், நிழல் நம்மோடு சேர்ந்துவிடும். கம்ப்யூட்டரில் புது எதிரியை வரைய இடம் இல்லை. அதனால் இளவரசன் படத்தையே மாற்றி நிழல் ஆக்கிவிட்டார் மெக்னர். எப்படி ஐடியா?

டேவ்

சிவப்புத் தொப்பி டேவ், உங்கள் அப்பா, அம்மாவுக்குப் பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் பழக்கமானவன். கேட்டுப் பாருங்கள்! கோப்பையை எடுத்தால்தான் கதவு திறக்கும். மொத்தம் 10 கட்டங்கள். உருவாக்கியவர் ஜான் ரொமேரோ.

வெண்பா

இத்தனை வருடத்தில் நான் பெர்சிய இளவரசனாக, கார் ஓட்டியாக, ராணுவ வீரனாக எல்லாம் ஆடிவிட்டேன். ஆனால் நம் வீடு மாதிரி ஒரு வீடு எந்த கேமிலும் வந்ததில்லை. 2023-ல் வந்தது!

கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம்தான் கதை. அம்மா பெயர் வெண்பா, அப்பா பாவலன், மகன் கவின். பாட்டியின் சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. அதை வைத்து இட்லி, புட்டு, பிரியாணி எல்லாம் நாம் சமைக்க வேண்டும். இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர்! வளர வளர, கவின் தமிழை விட்டு விலகிப் போவான். அப்போது வெண்பா படும் வருத்தம் நம் மனதையும் பிசையும்.

டொரண்டோவில் ஒரு சின்னக் குழு உருவாக்கிய இந்த கேம், 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா விருதை வென்றது. சுடச்சுட இட்லிக்கு உலக விருது!

கவனித்தீர்களா குட்டீஸ்? நான்குமே பெரிய கம்பெனி ஏராளமாகச் செலவழித்து எடுத்தவை அல்ல. ஒருவரோ, சிலரோ யோசித்தவை. வெண்பாவுக்கு இட்லித் தட்டு கிடைத்ததே, எங்கள் பட்டினப்பாக்கத்தில் என்ன இல்லை? அலையைத் தாண்டிப் படகைக் கடலில் இறக்குவது ஒரு கட்டம். வலையில் சிக்கிய மீன்களை வகை பிரிப்பது அடுத்த கட்டம். வெயில் ஏறுவதற்குள் விற்று முடிப்பது கடைசிக் கட்டம்!

உங்கள் ஊரில் என்ன இருக்கிறது? ஒரு நோட்டை எடுத்து, உங்கள் கேமின் முதல் கட்டத்தை வரையுங்கள். ஆடிப் பார்க்க இந்த மாமா ரெடி!