எஞ்சினைத் தாங்கும் ரப்பர்

வீட்டு வாசலில் நிற்கும் காரின் பானெட்டைத் திறந்தால் எஞ்சின் தெரியும், பேட்டரி தெரியும், ரேடியேட்டர் தெரியும். அந்த எஞ்சினைத் தாங்கிக்கொண்டிருக்கும் ரப்பர் மட்டும் எளிதில் கண்ணில் படாது. பட்டறைக்காரர்கள் அதை எஞ்சின் மவுண்டிங் என்பார்கள். இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவே ஒட்டவைத்த கறுப்பு ரப்பர்க் கட்டி, அவ்வளவுதான். ஒரு காரில் இப்படி மூன்றோ நான்கோ இருக்கும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சினையும் கியர்பெட்டியையும் இவைதாம் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இந்த ரப்பர் நமக்கு அந்நியமான பொருளன்று. மலாயாவில் வியாபாரத்துக்காக ரப்பர் பயிரிட்ட முன்னோடிகளுள் ஒருவரான டான் சாய் யான், 1896-இல் மலாக்கா புக்கிட் லிந்தாங்கில் 43 ஏக்கரில் கன்றுகளை நட்டார். பின்னர் புக்கிட் அசாகானில் பெரிய அளவில் நட்டார். ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய பால் இப்படித் தொடங்கியதுதான். பல தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. ஆனாலும் எஞ்சின் மவுண்டிங்கிற்கு இயற்கை ரப்பரைத்தான் உலகமெங்கும் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். இழுத்து இழுத்து விட்டாலும் சீக்கிரம் கிழியாத குணம் அதற்கு உண்டு. மெத்தென்று அசைந்துகொடுக்கவும் செய்யும். இரண்டும் ஒருங்கே அமைந்த செயற்கைப் பொருள் எளிதில் கிடைப்பதில்லை.

இப்போது சங்கதிக்கு வருவோம். சிவப்பு விளக்கில் கார் நிற்கும்போது ஸ்டியரிங் கையில் உதறுகிறது, கண்ணாடி கிடுகிடுக்கிறது, பின் இருக்கையில் அமர்ந்த பாட்டி "என்னப்பா, வண்டி இப்படி ஆடுது?" என்கிறார். பட்டறையில் காட்டினால் "மவுண்டிங் போய்விட்டது" என்று சொல்கிறார்கள். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூன்று விதமாக எடுத்து வைப்பார்கள்: ஒரிஜினல், அதைப் பார்த்துச் செய்த மலிவுச் சாமான், பளிச்சென்று சிவப்பாகவோ மஞ்சளாகவோ இருக்கும் பாலியூரித்தேன் என்னும் கெட்டிச் சாமான். "இது ரேஸ் காருக்குப் போடுவது, ஆயுசுக்கும் உடையாது" என்று கடைசிச் சாமானைக் காட்டுவார்கள். உடையாது என்பது பெரும்பாலும் உண்மைதான். உதறல் நிற்குமா என்பது வேறு கேள்வி.

குழந்தையைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவதை நினைத்துக்கொள்வோம். தொட்டிலுக்கென்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்திற்கு இசைவாகத் தள்ளினால், ஒரு விரலாலேயே அது மேலும் மேலும் பெரிதாக ஆடும். தாளத்தைவிடப் பல மடங்கு வேகமாகப் படபடவென்று தட்டினால் தொட்டில் ஏறக்குறைய அசையாமலே நிற்கும். எஞ்சினும் ரப்பரும் இப்படிப்பட்ட ஒரு தொட்டில்தான். எஞ்சின் தட்டும் வேகம், ரப்பரின் சொந்தத் தாளத்தைவிட மிக உயர்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் அதிர்வு காரின் உடலுக்குள் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சின், கார் நிற்கும்போது நிமிடத்திற்கு 750 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. ஆகவே வினாடிக்கு 25 தட்டு. ரப்பரின் தாளம் வினாடிக்கு 10 என்றால், தட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் உடலுக்குப் போகும். ரப்பரை இரண்டு மடங்கு கெட்டியாக்கினால் தாளம் 14-க்கு ஏறும். ஏறக்குறையப் பாதித் தட்டு உள்ளே வரும். நான்கு மடங்கு கெட்டியாக்கினால் தாளம் 20. அப்போது எஞ்சின் கொடுத்ததைவிடக் கூடுதலாக, ஒன்றே முக்கால் மடங்கு உதறல் உள்ளே வரும். ரப்பரின் உள் உராய்வைச் சேர்த்தால் இந்த எண்கள் சற்று மாறுமே தவிர, போக்கு மாறாது. கெட்டி மவுண்டிங் போட்டபின் கார் முன்னிலும் மோசமாக நடுங்குவது இதனால்தான். சாமான் கெட்டுப் போனதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது வீண். அது செய்ய வேண்டியதைத்தான் செய்கிறது.

மூன்று சிலிண்டர் வண்டிகளுக்கு இது இன்னும் கடுமை. 1994-இல் வந்த கஞ்சில் அப்படிப்பட்டது; 2014-இல் வந்த ஆக்சியாவும் அப்படித்தான். அதே 750 சுற்றில் வினாடிக்கு 19 தட்டுகூட முழுதாக இல்லை. இயல்பாகவே அந்த எஞ்சின் முன்னும் பின்னுமாகச் சற்று ஆடும். ஆகவே ரப்பரை இரண்டு மடங்கு கெட்டியாக்கினாலே எல்லை தாண்டிவிடும். கஞ்சிலுக்குக் கெட்டி மவுண்டிங் போட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப் போவது, நம் அபிப்பிராயத்தில், காசு கொடுத்துத் தலைவலி வாங்குவதுதான்.

கடையில் வண்டியை ஓட்டிக் காட்டும்போது இது தெரியாது. எண்ணெய் மிதித்து வேகம் ஏற ஏறத் தட்டின் எண்ணிக்கையும் ஏறிவிடுவதால், கெட்டி ரப்பரும் ஓரளவு சமாளிக்கும். எஞ்சினின் ரீங்காரமும் கியரின் இரைச்சலும் மட்டும் கூடுதலாகக் கேட்கும். ஆயர் குரோ சாலையில் விரைந்து போய்த் திரும்பி வந்தால் எல்லாம் சரியாகத்தான் தோன்றும். கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து, ஏர்கோனையும் திறந்து, இரண்டு நிமிடம் நின்றபடி சோதித்தால்தான் உண்மை விளங்கும்.

அப்படியானால் கெட்டிச் சாமானை எவருக்காகச் செய்கிறார்கள்? பந்தயத்தில் ஓட்டுபவர்களுக்கு. திடீரென்று வேகம் எடுக்கும்போதும் கியரை மாற்றும்போதும் எஞ்சின் ஒருபக்கமாகப் புரளப் பார்க்கும். கெட்டி மவுண்டிங் அதைப் பிடித்து நிறுத்தும்; கியர் சொன்னபடி விழும். அவர்கள் வண்டியில் பாட்டியும் இல்லை, பால் போத்தலும் இல்லை. நம் பையன்களில் சிலருக்கு இதில் ஆசை இருப்பது தெரியும். முதல் சம்பளத்தில் வாங்கிய கார் அல்லவா! அவர்களுக்கு ஒரு வழி உண்டு. எஞ்சினின் கனத்தைத் தாங்கும் மவுண்டிங்குகளை ஒரிஜினலாகவே விட்டுவிட்டு, எஞ்சின் புரளாமல் தடுக்கும் ஒன்றை மட்டும் சற்றே கெட்டியாகப் போடலாம். அதிலும் உதறல் கொஞ்சம் கூடும். தாங்கக்கூடிய அளவில் இருக்கும்.

மெத்தென்ற ரப்பரில் எஞ்சினை மிதக்கவிடலாம் என்பது பழைய அறிவு. 1931-இல் அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி தன் பிளிமத் காரில் இதைச் செய்தது. எஞ்சின் இயல்பாக எந்த அச்சைச் சுற்றிப் புரளுமோ, அந்த அச்சை ஒட்டி ரப்பரை வைத்தார்கள். நான்கு சிலிண்டர் கார் அதைவிடப் பெரிய காரைப் போல அமைதியாக ஓடியது. அடுத்த ஆண்டே பிரான்சின் சித்ரோயன் கம்பெனி அந்த உரிமத்தை வாங்கிக்கொண்டது. ரப்பரின் இதே குணத்தைக் கட்டடங்களுக்கும் பயன்படுத்தினார்கள். லண்டனில் பாதாள ரயில் நிலையத்தின்மேல் எழுந்த ஆல்பனி கோர்ட் என்னும் அடுக்குமாடி, 1966 முதல் ரப்பர்க் கட்டிகளின்மேல் நிற்கிறது. 2014-இல் திறந்த பினாங்கின் இரண்டாவது பாலமும் இயற்கை ரப்பர்த் தாங்கிகளின்மேல்தான் அமர்ந்திருக்கிறது.

ஆனால் மவுண்டிங் வாங்கக் கிளம்புமுன் உதறலுக்குக் காரணம் அதுதானா என்று பார்க்க வேண்டும். இதில்தான் பணம் அதிகம் வீணாகிறது. நெடுஞ்சாலையில் குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் ஸ்டியரிங் ஆடினால், பெரும்பாலும் சக்கரத்தின் பேலன்சிங் சரியில்லை. நிற்கும்போது டுக்டுக்கென்று தாளம் தப்பி ஆடினால், ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்கவில்லை. பிளக்கையும் கோயிலையும் பாருங்கள். ஒரு சிலிண்டர் ஓய்ந்துவிட்டால் உதறல் வினாடிக்கு ஆறு முறை என்ற மெதுவான தாளத்தில் வரும். அதை எந்த மவுண்டிங்கும் தடுக்காது, எவ்வளவு விலை கொடுத்தாலும்.

மவுண்டிங் போனதற்கு அடையாளம் வேறு. ரிவர்ஸ் போடும்போது 'டொங்' என்று ஓர் இடி கேட்கும். ரப்பரில் வெடிப்பு தெரியும், அல்லது இரும்பிலிருந்து பிரிந்திருக்கும். சில வண்டிகளில் ரப்பருக்குள் திரவம் அடைத்த மவுண்டிங் உண்டு. அது ஒழுகினால் கீழே கறுப்புக் கறை படியும். அந்த இடத்தில் திரவமில்லாத மலிவுச் சாமானை மாட்டினால் அளவு பொருந்தும், வேலை பொருந்தாது. சோதிக்கும்போது கைப்பிரேக் போட்டு, சக்கரத்திற்கு மரக்கட்டை கொடுத்து, காரின் முன்னாலும் பின்னாலும் எவரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்தபடி கியரை மாற்ற, மற்றவர் பக்கவாட்டில் நின்று கவனிக்க வேண்டும். எஞ்சின் துள்ளி எழுந்தால் மவுண்டிங் போய்விட்டது.

போன மவுண்டிங்கோடு நாள் கடத்தவும் கூடாது. எஞ்சின் சாய்ந்து புகைக்குழாயை இழுக்கும், தண்ணீர்க் குழாயை உரசும், மிச்சமுள்ள மவுண்டிங்குகளையும் கெடுக்கும். சிலர் பழைய ரப்பரின் இடைவெளிகளில் கண்ணாடிக்குப் பூசும் பசையை அடைத்துவிடுகிறார்கள். அந்த இடைவெளிகள் வேண்டுமென்றே விட்டவை. ரப்பர் அசைந்துகொடுப்பது அவற்றால்தான்.

ரப்பருக்கு மூன்று பகைகள் என்பது பால் வெட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: சூடு, எண்ணெய், காற்றிலுள்ள ஓசோன். சூட்டில் இறுகும், எண்ணெயில் ஊதும், ஓசோனில் வெடிக்கும். எஞ்சினில் எண்ணெய் ஒழுகினால் முதலில் அதை அடைத்துவிட்டுப் புது மவுண்டிங் போடுங்கள். இல்லாவிட்டால் புதியதும் பழையதன் வழியே போகும். நன்றாகச் சேவை செய்த காரில், ஒன்று போனால் மற்றவையும் வயதானவையே என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு சோதியுங்கள்.

கையில் பணம் குறைவென்றால், நான்கையும் மலிவாக மாற்றுவதைவிட, கெட்டுப்போன ஒன்றையோ இரண்டையோ ஒரிஜினலாகவோ, ஒரிஜினலுக்குச் செய்துதரும் கம்பெனியின் சாமானாகவோ வாங்குவது மேல். மாட்டும்போது போல்ட்டுகளைத் தளர்வாகப் போட்டு, எஞ்சினின் கனம் முழுதும் ரப்பரின்மேல் இறங்கியபின் முறுக்கச் சொல்லுங்கள். ஜாக்கியில் தூக்கியபடியே இறுக்கிவிட்டால் ரப்பர் முறுகிய நிலையில் மாட்டிக்கொள்ளும். புதுச் சாமானும் முதல் நாளிலிருந்தே உதறும். பழைய மவுண்டிங்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் கல்லைப்போல இருக்கிறதா, பாகாய் ஊதியிருக்கிறதா, நடுவே பிளந்திருக்கிறதா என்பதிலிருந்தே, அடுத்து எதைப் பழுது பார்க்க வேண்டுமென்று தெரிந்துவிடும்.