தண்டனையின் அளவும் எதிரி தரப்பு வக்கீல்களும்

குற்றவாளியென்று தீர்மானிக்கப்பட்டவனுக்கு எவ்வளவு தண்டனை விதிப்பது என்பதற்குத் திட்டமான கொள்கையொன்று வகுக்கப்பட வேண்டுமென்று, 2024-ம் வருஷம் மே மாதத்தில் சுநீதா தேவி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இந்திய சர்க்காருக்குச் சிபார்சு செய்தது. தண்டனை சீட்டுக் குலுக்கலாக ஆகிவிடலாகாது என்பது அவ்வழக்கை விசாரித்த நீதிபதிகளின் அபிப்பிராயம். யோசனை பழையதுதான். 2003-ல் மலிமத் கமிட்டி இதற்கென்றே ஒரு சட்டபூர்வமான சபை வேண்டுமென்றும், அதில் பிராஸிக்யூஷன் தரப்பார், வக்கீல்கள், போலீஸார், சமூக சாஸ்திரம் அறிந்தவர், ஒரு ஸ்திரீ ஆகியோர் இருக்க வேண்டுமென்றும் எழுதி வைத்தது. இருபது வருஷத்துக்கு மேலாகியும் சபை வரவில்லை. கொள்கை வேண்டுமா வேண்டாமா என்பது பற்றி நமக்கு விவாதமில்லை. அதை வகுக்க உட்காரப் போகிறவர்களுள், எதிரிக் கூண்டில் நிற்பவனுக்காகப் பேசிப் பழகியவர் எத்தனை பேர் என்பதே நம்முடைய கேள்வி. ‘வக்கீல்கள்’ என்று பொதுப்படச் சொல்லிவிட்டால் போதாது. சொத்து வழக்கில் கீர்த்தி பெற்றவரும் வக்கீல்தான்.

ஒரே சட்டம், ஒரே குற்றம், ஒரே சாட்சியம் இருந்தும் தண்டனையின் அளவு எவ்வளவு தூரம் மாறக்கூடும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் நமக்கு வேண்டியதில்லை. 1908 ஜூலையில் திருநெல்வேலி ஜட்ஜ் பின்ஹே, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரண்டு ஆயுள் தண்டனை விதித்தார். இந்தியா மந்திரியாயிருந்த மார்லி துரையே, இத்தண்டனை நிற்க முடியாது என்று வைஸ்ராய்க்கு எழுதும்படி நேர்ந்தது. அப்பீலில் அது குறைக்கப்பட்டது. பிள்ளையவர்கள் 1912 டிசம்பரில் வெளியே வந்தார். குற்றம் செய்தாரென்ற முடிவு அப்படியே இருந்தது. வருஷக் கணக்கு மட்டும் சிதறிப் போயிற்று. ஒட்டப்பிடாரத்தில் ஏழைகளுக்காகப் போலீஸாரை எதிர்த்து வாதாடிய வக்கீல் அவர் என்பதையும் நேயர்கள் அறிவார்கள். அவருக்குக் கீர்த்தியும், அவர் பொருட்டுக் கொதிக்க ஒரு தேசமும் இருந்தன. பாகூர்ப் பக்கத்துக் கரும்பு வெட்டும் கூலிக்காரன் பொருட்டு யார் கொதிப்பார்?

சட்டத்தில் இடமில்லாமலில்லை. தீர்ப்புக்குப் பிறகு, தண்டனைக்கு முன்பு, எதிரியைத் தனியே கேட்டாக வேண்டுமென்று 1973-ம் வருஷத்துக் கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 235 (2)-வது பிரிவு விதித்தது. 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த புதிய நாகரிக் சுரக்ஷா சம்ஹிதையின் 258 (2)-வது பிரிவும் அதையே சொல்கிறது. இது வெறும் சடங்கன்று என்று 1976-ல் சாந்தா சிங் வழக்கிலும், தீர்ப்பன்றே அவசரப்பட்டுத் தண்டனை விதிக்க வேண்டாமென்று 1989-ல் அல்லாவுதீன் மியான் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட்டு வற்புறுத்தியது. நடப்பது என்ன? “தண்டனை பற்றி என்ன சொல்லுகிறாய்?” என்று கேட்கிறார்கள். “வயதான தாயார் இருக்கிறாள், குறைத்துக் கொடுங்கள்” என்கிறான். அந்த ஒரு வாக்கியம் ஏட்டிலே ஏறுகிறது. தொழில் பழகிய எவரும் அதைப் பார்க்காமலேயே எழுதிவிடலாம்! தாயார் எங்கே இருக்கிறாள், அடகு வைத்த நிலம் எது, முன்பு ஏதாவது வழக்கில் சிக்கியவனா, சிக்கியதற்குக் காரணம் யார் என்பதையெல்லாம் திண்ணையிலே உட்கார்ந்து கேட்டறிந்தவர் எதிரி தரப்பு வக்கீல் ஒருவரே. அந்த அறிவு வழக்குக் கட்டோடு கட்டாகக் கிடந்து செல்லரித்துப் போகிறது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை எடுத்துக்கொள்வோம். புதிய நியாய சம்ஹிதையில் ‘சமூக சேவை’ என்னும் தண்டனை முதன்முறையாக இடம் பெற்றிருக்கிறது. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடி, அதைத் திருப்பிக் கொடுத்தவனுக்கு இத்தண்டனை. பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்பவனுக்கும், இருபத்து நான்கு மணி நேரக் காவலுக்கோ அபராதத்துக்கோ பதிலாக இதை விதிக்கலாம். இந்த அபராதம் பழைய சட்டத்தில் 10 ரூபாய் வரை. இப்போது 1,000 ரூபாய் வரை. சிறைக்கு அனுப்புவதைவிட இது மேலானது என்பதில் சந்தேகமில்லை. நாம் மனப்பூர்வமாக வரவேற்கிறோம். ஆனால் என்ன வேலை, எத்தனை மணி நேரம், யார் மேற்பார்வை என்பதைச் சம்ஹிதை சொல்லவில்லை. சமூகத்துக்குப் பயன்படும், கூலியற்ற வேலை என்பதோடு நிறுத்திக்கொண்டது. மீதியெல்லாம் விதிகளிலும் பழக்கத்திலும் உருவாக வேண்டியிருக்கிறது. விதி வகுக்கிறவர் மேஜையருகே கிராமத்து எதிரிகளுக்கு ஆஜராகும் வக்கீல் ஒருவர் இருந்தால், முதலில் கேட்கக்கூடிய கேள்வி இதுதான்: பாகூர் ஏரிக்கரையில் மரம் நடும் வேலை யாருக்கு, சாக்கடை அள்ளும் வேலை யாருக்கு? ஊரில் ஜாதி இருக்கிற வரையில், ஒரே தண்டனை காலனித் தெருக்காரனுக்கு அவமானமாகவும், மேலத்தெருக்காரனுக்குப் பொழுதுபோக்காகவும் முடியக்கூடும். சேரியிலிருந்து வந்தவனுக்குத் தோட்டி வேலையைத் தண்டனையாகக் கொடுத்தால், அவன் பாட்டனுக்குப் பிறப்பால் விதித்ததைப் பேரனுக்குக் கோர்ட்டு விதித்ததாகும். இந்த அபாயம் தலைநகரத்துக் காரியாலயத்தில் எளிதில் தோன்றாது. நாற்று நடும் காலத்தில் பத்து நாள் கூலியற்ற வேலை என்பது, ஒரு நடவுக்காரிக்கு வருஷத்துச் சம்பாத்தியத்தில் எவ்வளவு என்பதும் தோன்றாது.

மேற்பார்வை செய்யத்தக்கது கொம்யூன் பஞ்சாயத்தே என்பார்கள். 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-ல்தான் புதுவையில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தச் சபைகளின் காலம் 2011-ல் முடிந்து, பிறகு நெடுங்காலம் உத்தியோகஸ்தர்களே அவற்றை நடத்திவந்தார்கள். இப்படிப்பட்ட இடத்தில் தண்டனை பெற்றவனுக்காகக் கேட்க ஒரு நாவாவது விதி வகுக்கும்போதே வேண்டும்.

எல்லைப் பிரச்னை மற்றொன்று. புதுவைக் கிராமங்களும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் நெய்த பாய்போல் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பக்கம் கடையில் தாராளமாக வாங்கிய புட்டிகள், கடலூர் ஜில்லா எல்லையைத் தாண்டினவுடன் 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் குற்றச் சரக்காகிவிடுகின்றன. சரக்குக்குச் சொந்தக்காரன் ஒருவன். வண்டியோட்டிப் பிடிபடுகிறவன் இன்னொருவன். மதுவிலக்கில் நாம் விட்டுக் கொடுக்கிறவர்களல்லர். இருந்தாலும், அபராதத்தைவிட வண்டி பறிமுதலாவதுதான் அவனுக்குப் பெருந்தண்டனை என்பதை எந்தக் கொள்கை கணக்கில் எடுத்திருக்கிறது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் மாண்டார்கள். அம்மாதம் முடிவதற்குள் சென்னைச் சட்டசபை தண்டனைகளை உயர்த்தி, ஆயுள் தண்டனை வரை விதிக்க வகை செய்தது. அந்தத் துக்கத்தில் அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. பெரிய வியாபாரிக்கென்று உயர்த்திய கத்தி சுமைகூலிக்காரன் கழுத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய இடமும் அதுதான்.

புதுச்சேரிக்கு இதில் ஒரு பூர்விகமும் உண்டு. 1832-லேயே பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில், இரக்கத்துக்குரிய சந்தர்ப்பங்கள் இருப்பதாகக் கண்டால் தண்டனை இறங்கியே தீரும் என்ற ஏற்பாடு விரிவாகச் சேர்க்கப்பட்டது. அந்தச் சட்டமே இங்கும் வழங்கி, 1963 அக்டோபர் முதல் இந்தியத் தண்டனைச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அந்நிய ஆட்சியைப் புகழ நமக்கு ஆசையில்லை; வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18-ல் 170 பிரதிநிதிகள் அதற்கு விடை கொடுத்தனுப்பியதைப் பெருமையாகவே நினைக்கிறோம். போனவனிடம் நல்லதொன்று இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம்.

“திருடன் வக்கீலைக் கேட்டா திருட்டுக்குத் தண்டனை நிர்ணயிப்பது?” என்று நண்பர்கள் சிலர் பரிகாசம் செய்கிறார்கள். இங்கிலாந்தில் 2009-ம் வருஷத்துச் சட்டத்தின்படி அமைந்த தண்டனைக் கவுன்சிலில், நீதிபதிகளல்லாத அங்கத்தினர்களுக்குரிய தகுதிகளுள் எதிரி தரப்பில் வாதாடிய அநுபவமும் ஒன்று. பிராஸிக்யூஷன், போலீஸ், பாதிக்கப்பட்டோர் நலன் ஆகியவற்றில் அநுபவமும் உடன் வைத்து எண்ணப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் 1984-ம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட தண்டனைக் கமிஷன், எதிரி தரப்பு வக்கீல்களைக் கொண்ட நிலையான ஆலோசனைக் குழுவொன்றை வைத்துக்கொண்டு, நாட்டின் பல பாகங்களிலிருந்தும் மனுக்களை வரவழைத்து ஆட்களைப் பொறுக்குகிறது. அங்கே 1986-ல் ஒரு சட்டம் செய்தார்கள். ஏழைக் கறுப்பர் தெருக்களில் விற்ற ‘கிராக்’ என்னும் கொக்கேயின் கட்டி 5 கிராமுக்கும், பணக்காரர் உபயோகித்த தூள் 500 கிராமுக்கும் ஒரே ஐந்து வருஷ தண்டனை! அந்த நூற்றுக்கு ஒன்று என்ற அநீதி 2010-ல்தான் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைந்தது. இப்பேதத்தின் பலனைத் தினந்தோறும் கட்சிக்காரர் முகத்தில் கண்டவர்கள் வக்கீல்கள். பாதிக்கப்பட்டோருக்கும் அந்தக் கமிஷனில் தனி ஆலோசனைக் குழு உண்டு. அப்படியே இங்கும் இருக்கட்டும்.

ஆள் பஞ்சமில்லை. தேசிய சட்ட சேவை ஆணையத்தின் 2022-ம் வருஷத்துத் திட்டம், ஏழை எதிரிகளுக்கென்றே முழுநேர வக்கீல்களை ஜில்லாதோறும் அமர்த்த வகை செய்திருக்கிறது. தலைமை வக்கீலுக்குப் பத்து வருஷக் கிரிமினல் அநுபவமும், செஷன்ஸ் கோர்ட்டில் முப்பது வழக்காவது நடத்திய பழக்கமும் வேண்டுமென்பது அதன் விதி. இத்தகையவர்களிடையேயும், கிராமத்துக் கட்சிக்காரர்களே தஞ்சமென்று நம்பிப் பிழைக்கும் வக்கீல்களிடையேயும் மனுக்கள் கேட்கட்டும். பகிரங்க விளம்பரம் தமிழிலும் வரட்டும். பெரிய வக்கீலின் ஜூனியர் என்ற சிபார்சு செல்லக்கூடாது. நடத்திய வழக்குகளின் பட்டியலே சிபார்சாக இருக்கட்டும். இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் ஒருவரே நாற்காலியைப் பிடித்துக்கொள்ளலாகாது. தம் கையில் நடக்கிற வழக்கைத் தொடும் விஷயத்தில் அவர் எழுந்து போய்விட வேண்டும்.

புதுவைச் சட்ட சேவை ஆணையம் இந்திய சர்க்காருக்காகக் காத்திராமல் சமூக சேவை விதிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். முதற் கூட்டத்தை நகரத்து மண்டபத்தில் கூட்டாமல் வில்லியனூரிலும் பாகூரிலும் கூட்டட்டும். தண்டனை அநுபவித்து வந்தவர் சிலரையும் கூப்பிட்டுத் தமிழிலேயே கேட்கட்டும். வருகிற வக்கீல்களுக்கு அன்றைய தினத்துப் படியைத் தவறாமல் கொடுத்துவிட வேண்டும். இலவச சேவை என்று வைத்தால், வீட்டில் நெல் இருக்கிறவர் மட்டுமே வருவார்.