கப்பலின் பின்பக்கப் பல்கனி: எடுக்கலாமா, வேண்டாமா?

ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா ஒருநாள் இரவு வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். உல்லாசப் பயணக் கப்பல் ஒன்றின் தள வரைபடம். நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஓர் இலக்கம். கப்பலின் பின்முனையில் இருந்த ஒரு பெட்டியைச் சிவப்பால் வட்டமிட்டிருந்தார். "அம்மாவுக்கு இந்த அறையைத்தான் எடுத்திருக்கிறன். சரியோ எண்டு ஒருக்காப் பார் தங்கச்சி. காசு கட்டியாச்சு, ஆனா இன்னும் மாத்தலாம்."

அண்ணா என் பெரியம்மாவின் மூத்த மகன். பெரியம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக வன்கூவரிலிருந்து அலாஸ்காவுக்கு ஏழு இரவுப் பயணம் ஒன்றை ஒழுங்கு செய்திருந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதும் எனக்கும் உல்லாசக் கப்பல்களுக்கும் இருந்த ஒரே தொடர்பு, 2023 ஜூனில் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' கப்பல் காங்கேசன்துறைக்கு வந்தபோது போய்ப் பார்த்ததுதான். அது 1990இல் கட்டப்பட்ட கப்பல். பல்கனியுள்ள அறைகள் அதில் மிகக் குறைவு. இன்று கட்டப்படும் பெரிய கப்பல்களோ கரையில் நிற்கும் மாடிக் குடியிருப்புகள் போல, பக்கம் முழுக்கப் பல்கனிகளோடு இருக்கின்றன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் பெற்றோரைக் கப்பலில் கூட்டிப்போவதும் எங்கள் குடும்பங்களில் இப்போது புதினமான விடயமல்ல. ஆகவே அண்ணாவுக்காகத் தேடிப் படித்ததையும், அந்தப் பயணம் முடிந்தபிறகு பெரியம்மா சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அறை வகைகள். மிக மலிவானது உள்ளறை, யன்னலே இருக்காது. அடுத்தது திறக்க முடியாத யன்னல் உள்ள அறை. அதற்கும் மேலே பல்கனி அறை. பல்கனி அறைகளில் பெரும்பாலானவை கப்பலின் இடப்பக்கமும் வலப்பக்கமும் வரிசையாக இருக்கும். பின்முனையில், கப்பல் வந்த வழியைப் பார்த்தபடி இருப்பவை ஒவ்வொரு தளத்திலும் ஒரு சிலதான். எண்ணிக்கை குறைவென்பதால் அவை முதலிலேயே முடிந்துவிடும். அவற்றுக்கென்றே திரும்பத் திரும்ப வரும் பயணிகள் இருக்கிறார்கள்.

ஏன் அப்படி விரும்புகிறார்கள்? பக்கப் பல்கனியில் இருந்தால் கப்பலின் ஒரு பக்கம் மட்டுமே தெரியும். வலப்பக்கத்தில் திமிங்கிலம் எழும்பினால் இடப்பக்கத்து ஆட்களுக்குச் சத்தம் மட்டும்தான் கேட்கும். பின்பக்கத்தில் இருந்தால் இரண்டு கரைகளும் ஒன்றாகத் தெரியும். நடுவில் கப்பல் கிழித்துவிட்டுப் போகும் நுரைப் பாதை. கப்பல் முன்னோக்கி ஓடும்போது பக்கப் பல்கனிகளில் காற்று அடித்துக்கொண்டு போகும். பின்பக்கத்தை கப்பலின் உடம்பே மறைத்துவிடும். அலாஸ்கா போன்ற குளிர்ப் பாதையில் இது சின்ன விடயமல்ல. ஒரு போர்வையைப் போர்த்திக்கொண்டு ஒரு மணித்தியாலம் கதிரையில் இருக்கலாம். ஆனால் காற்று பின்னாலிருந்து வீசினால் நிலைமை மாறும். சில வேளைகளில் புகைபோக்கியின் மணமும், கதிரையில் கரித் தூளும் வந்து சேரும்.

இன்னொரு கவர்ச்சி, பல்கனியின் அளவு. பல கப்பல்களின் பின்புறம் படிக்கட்டுப் போலச் சரிந்திருக்கும். கீழ்த்தளப் பல்கனிகள் வெளியே நீண்டிருக்கும். அதே விலை வகுப்பில் பக்கத்தில் கிடைப்பதைவிட இடம் கூட. ஆனால் மேல்தளத்தில் நிற்பவர்கள் குனிந்தால் நீங்கள் தேத்தண்ணி குடிப்பது தெரியும். மேலே போகப் போகப் பல்கனி ஒடுங்கும். மூலை அறைகளில் பல்கனி பின்னாலும் பக்கத்திலும் வளைந்து போகும். அவற்றுக்கு விலையும் அதற்கேற்றபடி.

இனி மற்றப் பக்கம்.

ஏ9 வீதி காப்பெட் போடப்படுவதற்கு முந்திய காலத்தில், பஸ்ஸின் கடைசி ஆசனத்தில் இருந்து பயணம் செய்தவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. கப்பலும் அப்படித்தான். அலை முன்னால் தூக்கும்போது பின்முனை இறங்கும். முன்முனை இறங்கும்போது பின்முனை எழும்பும். நடுப்பகுதி மிகக் குறைவாகவே அசையும். ஆகவே தலைசுற்று, சத்தி வரும் ஆட்களுக்குக் கீழ்த்தளத்தில், கப்பலின் நடுவில் உள்ள அறைதான் நல்லது. ஆனால் இதில் பாதையையும் பார்க்க வேண்டும். வன்கூவரிலிருந்து அலாஸ்கா போகும் பாதையின் பெரும்பகுதி தீவுகளுக்கு நடுவே, பரவைக் கடலில் போவது போன்றது. குயின் சார்லட் சவுண்ட், டிக்சன் நுழைவாய் போன்ற சில திறந்த இடங்களில்தான் பசிபிக் அலை நேராக வந்து அடிக்கும். அட்லாண்டிக்கைக் கடக்கும் பயணத்துக்குப் பின்பக்க அறை எடுப்பதும், இந்தப் பாதைக்கு எடுப்பதும் ஒன்றல்ல.

அசைவைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது அதிர்வு. கப்பலை உந்தும் விசிறிகள் பின்பக்கத்தின் அடியில்தான் இருக்கின்றன. நேராக ஓடும்போது கீழ்த்தள அறைகளில் ஒரு மெல்லிய முனகல் மட்டும் இருக்கும், அதற்குப் பழகிவிடலாம். ஆனால் துறைமுகத்தில் கட்டும்போது விசிறிகள் திசை மாறி மாறிச் சுழலும். அந்த நேரத்தில் கட்டில், கண்ணாடி, குவளை எல்லாம் அதிரும். அலாஸ்காத் துறைமுகங்களுக்குக் கப்பல்கள் பெரும்பாலும் அதிகாலையில் அல்லது காலையில் வந்துசேரும். ஆழ்ந்த நித்திரையில் இருக்கும்போது கட்டில் நடுங்குவது ஒரு சாதாரண உல்லாசப் பயணிக்கு எரிச்சல், அவ்வளவுதான். எங்கள் பெற்றோருக்கு அது அவ்வளவோடு முடிவதில்லை. பெரியம்மா இன்றைக்கும் பக்கத்து வீட்டில் யாராவது கதவை அடித்துச் சாத்தினால் நிலத்தில் குந்திவிடுவார்.

இதை அண்ணாவுக்குச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுதவில்லை. பிறகு, "அப்ப உள்ளறை எடுப்பமோ? ஒண்டும் கேக்காது, ஒண்டும் தெரியாது" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் பெரியம்மாவுக்கே அழைப்பெடுத்தேன். இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். பிள்ளைகள் நாங்கள் விலை, வகுப்பு, விமர்சனம் எல்லாம் பார்க்கிறோம். போகிற ஆளிடம் கேட்பதில்லை.

பெரியம்மா கப்பல் ஏறியது இது முதல் முறையல்ல. 2009இல் பெப்ரவரி முதல், சர்வதேச செஞ்சிலுவைக் குழு ஒழுங்கு செய்த கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயப்பட்டவர்களை ஏற்றியது. கரைக்குக் கிட்ட வர முடியாததால், மீன்பிடிப் படகுகளில் ஏற்றிக்கொண்டு போய்த்தான் கப்பலில் விட்டார்கள். காலில் காயப்பட்ட பெரியப்பாவோடு பெரியம்மாவும் அப்படித்தான் போனார். சின்னண்ணா கரையில் நின்றார். காயமில்லாத, பத்தொன்பது வயதுப் பெடியனுக்கு அந்தக் கப்பலில் இடமில்லை. அதன்பிறகு சின்னண்ணாவைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

"உள்ளறை வேண்டாம் பிள்ளை," என்றார் பெரியம்மா. "அண்டைக்கும் காயப்பட்ட ஆக்களுக்கை கீழை குந்திக்கொண்டுதான் இருந்தனான். மறைச்சுக் கட்டியிருந்தது. எழும்பிப் பாக்கேலாமப் போச்சு. கப்பல் எப்ப வெளிக்கிட்டது எண்டே எனக்குத் தெரியாது. திறந்த இடமா எடுங்கோ. பின்னுக்கெண்டாலும் பரவாயில்லை. பின்னுக்குத்தான் நல்லம்."

ஆகவே பின்பக்கம் என்பது முடிவாகியது. எந்தப் பின்பக்க அறை என்பதுதான் மிச்சம். இங்கேதான் தள வரைபடத்தை வாசிக்கத் தெரிய வேண்டும். அறை இருக்கும் தளத்தை மட்டும் பார்த்தால் போதாது. அதற்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் உள்ள தளங்களின் படத்தை எடுத்து, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மேலேயும் கீழேயும் பயணிகளின் அறைகளே இருந்தால் நல்லது. பல கப்பல்களில் பின்பக்கத்தின் மேல்தளத்தில் பஃபே உணவகமும் அதன் வெளி முற்றமும் இருக்கும். கீழ்த்தளங்களில் பெரிய சாப்பாட்டு மண்டபமும் சமையலறையும் இருக்கும். படத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டிருக்கும் இடங்களையும் நம்பக்கூடாது. அவை பெரும்பாலும் ஊழியர்கள் வண்டில் தள்ளித் திரியும் இடங்கள்.

அண்ணா வட்டமிட்டிருந்த அறைக்கு நேர் மேலே பஃபேயின் வெளி முற்றம் இருந்தது. விடிய முன்னமே கதிரை இழுக்கும் சத்தம் தலைக்கு மேலே கேட்டிருக்கும். இரண்டு தளம் கீழே, மேலும் கீழும் அறைகளாலேயே சூழப்பட்ட ஓர் அறை மிஞ்சியிருந்தது. அதற்கு மாற்றினோம். ஒரு விடயம்: சில நிறுவனங்கள் வகுப்புக்கு மட்டும் உத்தரவாதம் தந்து, அறை இலக்கத்தைப் பிறகு தாங்களே தீர்மானிக்கும் மலிவுச் சீட்டுகளையும் விற்கின்றன. அதை வாங்கினால் இந்தத் தேடலுக்கெல்லாம் இடமில்லை.

கடவுச்சீட்டு விடயத்தையும் சொல்லிவிட வேண்டும். கப்பல் கனடாவில் தொடங்கிக் கனடாவில் முடிந்தாலும், அலாஸ்கா அமெரிக்கா. கனடாவில் நிரந்தர வதிவிடம் இருந்தாலும், இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அமெரிக்க விசா எடுக்க வேண்டும். பெரியம்மாவுக்கு அதுதான் முழுப் பயணத்திலும் நீண்ட வேலையாக இருந்தது. விசா கையில் வராமல், திருப்பித் தராத சீட்டுக்குப் பணம் கட்டாதீர்கள்.

பிறகு சத்தங்கள். நான் ஒரு பட்டியல் எழுதி அண்ணாவுக்கு அனுப்பினேன், ஒவ்வொன்றையும் பெரியம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லும்படி. புறப்பட முன்னர் பாதுகாப்புப் பயிற்சி இருக்கும். அப்போது அபாயச் சமிக்ஞையை ஒலிக்கவிடுவார்கள்: ஏழு குறுகிய ஊதல், பிறகு ஒரு நீண்ட ஊதல். இது எல்லாப் பயணிகள் கப்பலுக்கும் பொதுவானது, பயப்பட ஒன்றுமில்லை. அலாஸ்காவில் மூடுபனி அடிக்கடி வரும். பனிமூட்டத்தில் ஓடும் கப்பல் இரண்டு நிமிடத்துக்கு மேற்படாத இடைவெளியில் நீளமாக ஊத வேண்டும் என்பது சர்வதேசக் கடல் விதி. இரவு முழுக்க ஊதினாலும் ஊதும். ஊதுகுழல் கப்பலின் முன்பாதியில் உயரத்தில் இருப்பதால் பின்பக்க அறைக்கு அது மெதுவாகத்தான் வரும். இந்த ஒன்றில் பின்பக்கத்துக்குத்தான் வெற்றி. நங்கூரச் சங்கிலியின் சத்தமும் முன்பக்கத்தாருக்கே.

மிக முக்கியமானது கிளேசியர் பே. கப்பல்கள் அங்கே பனிமலையின் முகத்துக்கு எதிரே மெதுவாக நின்று, எல்லாப் பக்கத்தாரும் பார்க்கும்படி திரும்பும். ஆகவே பின்பக்கத்தில் இருந்தால் ஒன்றும் தவறிப்போகாது. ஆனால் அந்தப் பனிச் சுவரிலிருந்து ஒரு துண்டு உடைந்து கடலில் விழும்போது எழும் சத்தம் இடி போன்றது. அந்த மண்ணின் ட்லிங்கிட் மக்கள் அதை 'வெள்ளை இடி' என்கிறார்கள். தூரத்தில் துண்டு விழுவது முதலில் தெரியும், சத்தம் பிறகு வரும். வெளிச்சம் முதலிலும் சத்தம் பிறகும் வருவதை எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். இதைச் சொல்லாமல் ஒரு தாயை அந்தப் பல்கனியில் கொண்டுபோய் இருத்தக்கூடாது.

கடந்த ஜூனில் போய்வந்தார்கள். வந்து ஒரு கிழமைக்குப் பிறகு பெரியம்மாவோடு கதைத்தேன். முதல் இரண்டு விடியலும் கட்டில் நடுங்கி எழும்பியதாகச் சொன்னார். மூன்றாம் நாள் அண்ணா, கப்பல் கட்டும் நேரத்தை முதல்நாள் பின்னேரமே கேட்டுவந்து சொல்லிவிட்டார். அந்த நேரத்துக்கு முன்னரே எழும்பித் தேத்தண்ணியோடு பல்கனியில் இருந்துவிட்டாராம். பனி விழுந்தபோது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாராம். பிறகு, "விழட்டும், இன்னொண்டு விழட்டும்" என்று பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து காத்துக்கொண்டிருந்ததாக அண்ணி சொன்னார்.

வன்கூவரிலிருந்து கப்பல் வெளிக்கிட்ட பின்னேரம், பாலமும் கட்டடங்களும் மறைந்து வெகு நேரத்துக்குப் பிறகும் பெரியம்மா பல்கனியை விட்டு எழும்பவில்லை என்று அண்ணா சொல்லியிருந்தார். இராச்சாப்பாட்டுக்கும் வரவில்லையாம். அதைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவருக்கு இருந்த ஒரே முறைப்பாடு நான் யோசிக்காத ஒன்று. கப்பல் கிட்டத்தட்ட முந்நூறு மீற்றர் நீளம். பின்முனை அறையிலிருந்து முன்பக்க மண்டபத்துக்குப் போவதென்றால், நீண்ட ஒடுங்கிய நடைபாதையில் முழுக் கப்பலையும் நடந்து தீர்க்க வேண்டும். லிஃப்ட் எங்கே இருக்கிறது என்று நான் வரைபடத்தில் பார்க்கவேயில்லை.

"அடுத்தமுறை எடுக்கேக்கை லிஃப்டுக்குக் கிட்டவாப் பார் பிள்ளை," என்றார். "முழங்கால் ஏலாது. ஆனா பின்னுக்கே பார்."