‘சரி, சரி’ என்று தலையாட்டாதீர்கள்!

உங்கள் வீட்டில் தினமும் மருந்து சாப்பிடுகிறவர் யாராவது இருக்கிறாரா? மாத்திரையோ, கஷாயமோ, சூரணமோ, ஏதோ ஒன்று? அப்படியென்றால் நான் சொல்லப்போகிற விமானக் கதைகளை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘சித்த வைத்தியருக்கு ஆகாய விமானத்தில் என்ன வேலை?’ என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. என்னிடம் வருகிறவர்களில் பலர், நான் சொல்வதையெல்லாம் கேட்டு ‘சரிங்கய்யா’ என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். வாசலைத் தாண்டுவதற்குள் தேனிலா, வெந்நீரிலா என்பது மறந்துபோகிறது. மருந்தில் குற்றமில்லை. நடுவே பேச்சுதான் தவறிவிடுகிறது. விமானத் துறையில் இதே தவறு நூற்றுக்கணக்கான உயிர்களைக் குடித்திருக்கிறது. அதிலிருந்து அவர்கள் பாடமும் கற்றுக்கொண்டார்கள். அந்தப் பாடம் நம் வீட்டு மருந்து அலமாரிக்கும் பொருந்தும்.

‘ஓகே’ என்ற ஒரு சொல்

1977, மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரிஃப் தீவு. பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால், பல விமானங்கள் இங்கே திருப்பிவிடப்பட்டிருந்தன. சிறிய நிலையம், ஏகப்பட்ட நெரிசல், போதாததற்கு மூடுபனி வேறு. கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ விமானம் ஓடுபாதையின் முனையில் கிளம்பக் காத்திருக்கிறது. அதே ஓடுபாதையில் எதிரே பான் அம் ஜம்போ ஊர்ந்து வந்துகொண்டிருக்கிறது. பனியில் ஒருவரையொருவர் தெரியவில்லை. கோபுரத்தில் இருந்தவருக்கும் இருவரையும் தெரியவில்லை.

மேலே ஏறிய பிறகு எந்த வழியில் போக வேண்டும் என்று கோபுரம் சொன்னது. கே.எல்.எம். தலைமை விமானி அதையே கிளம்புவதற்கான அனுமதியாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். ‘இப்போது டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருளில் துணை விமானி சொன்னார். ‘கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் போலும்’ என்று கோபுரம் நினைத்து, ‘ஓகே’ என்றது. ‘காத்திருங்கள், கூப்பிடுகிறேன்’ என்று அது தொடர்ந்து சொன்ன நேரம் பார்த்து, பான் அம் விமானியும் ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்’ என்று பேசினார். இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று மோதி, கே.எல்.எம். விமானத்தில் கீச்சென்ற இரைச்சலாகிவிட்டது. தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’ மட்டும்தான்!

‘அந்த பான் அம் இன்னும் விலகவில்லையோ?’ என்று விமானப் பொறியாளர் சந்தேகம் கேட்டார். ‘விலகிவிட்டது’ என்று தலைமை விமானி அடித்துச் சொல்லிவிட்டார். அவர் பெரிய அனுபவஸ்தர். மறுத்துப் பேச யாருக்கு வாய் வரும்? சில விநாடிகளில் 583 பேர் மாண்டார்கள்.

அதன் பிறகு, ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லைக் கிளம்புவதற்கு அனுமதி தரும்போதோ, தந்த அனுமதியை ரத்து செய்யும்போதோ மட்டுமே சொல்ல வேண்டும் என்றார்கள். ‘ஓகே’ என்று சுருக்கமாக முடித்துக்கொள்ளாமல், உத்தரவின் முக்கியப் பகுதியைத் திருப்பிச் சொல்வதைக் கண்டிப்பாக்கினார்கள். சின்னவர் சந்தேகம் கேட்டால் பெரியவர் காதுகொடுக்கவும் பயிற்சி தந்தார்கள்.

வைத்தியரிடம் நீங்களும் இதைச் செய்யலாம். ‘ஐயா, இந்தப் பொடி காலையும் ராத்திரியும், சாப்பிட்ட பிறகு, வெந்நீர்ல. சரிதானுங்களா?’ என்று திருப்பிச் சொல்லுங்கள். அரை நிமிஷம்தான் ஆகும்!

கிலோவா, பவுண்டா?

1983, ஜூலை 23. ஏர் கனடா நிறுவனத்தின் புத்தம்புதிய போயிங் 767. எரிபொருள் அளவைக் காட்டும் கருவி வேலை செய்யவில்லை. ஆகவே டாங்க்கில் கோல் விட்டு அளந்து, தாளில் கணக்குப் போட்டார்கள். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. ஏற்கெனவே இருந்தது 7,682 லிட்டர். இன்னும் எத்தனை லிட்டர் ஊற்ற வேண்டும்?

லிட்டரைக் கிலோவாக்க 0.8 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். தாளில் இருந்ததோ 1.77. அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண்! கனடா அப்போதுதான் மெட்ரிக் அளவுக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தின் மற்ற விமானங்களுக்கெல்லாம் பவுண்டுக் கணக்கு. 767-க்கு மட்டும் கிலோ. 20,000 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டிய இடத்தில் 4,917 லிட்டர் ஊற்றினார்கள். கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தபோதும் அதே 1.77-ஐ வைத்தே போட்டதால், தவறு சரியாகத் தெரிந்தது!

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய விமானங்களில் இந்தக் கணக்கைப் பார்க்க மூன்றாவதாக ஒரு பொறியாளர் இருப்பார். புதிய விமானத்தில் இரண்டே பேர். அந்தக் கணக்கு இனி யாருடைய பொறுப்பு என்பதை யாரும் தெளிவாக வரையறுக்கவில்லை.

41,000 அடி உயரத்தில் எச்சரிக்கை மணி அடித்தது. சற்று நேரத்தில் இரண்டு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. நல்ல வேளை, தலைமை விமானி ராபர்ட் பியர்சன் என்ஜின் இல்லாத கிளைடர் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில் வழுக்கிக்கொண்டு வந்து இறக்கினார். விமானத்திலிருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

எங்கள் குணபாடத்தில் பணவெடை என்றால் ஏறக்குறைய அரை கிராம். வராகனெடை என்றால் நாலு கிராமுக்கு மேல். ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டால் மருந்து எட்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். பற்பம், செந்தூரம் விஷயத்தில் இது விளையாட்டல்ல. அடுப்படிக்கு வாருங்கள்... டீஸ்பூன் 5 மில்லி, டேபிள்ஸ்பூன் 15 மில்லி. ‘ஒரு ஸ்பூன்’ என்று மட்டும் சொன்னால் குழந்தைக்கு எதைக் கொடுப்பீர்கள்? ‘எத்தனை மில்லி?’ என்று கேளுங்கள். பாட்டிலோடு வரும் அளவுமூடியிலேயே ஊற்றுங்கள்.

எழுதாமல் விட்ட 47 திருகுகள்

1991, செப்டம்பர் 11. அமெரிக்காவில் கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் சிறிய விமானம். முந்தின இரவு பழுது பார்த்தபோது, வால் இறக்கையின் மேல்பக்கத்திலிருந்து 47 திருகுகளைக் கழற்றினார்கள். வேலை முடியவில்லை, ஷிப்ட் மாறியது. கழற்றிய விஷயம் அடுத்து வந்தவர்களுக்கான குறிப்பில் ஒழுங்காக எழுதப்படவில்லை. அவர்களுக்கு அது தெரியவே இல்லை. காலையில் விமானம் கிளம்பி ஓர் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரும்போது வால் இறக்கையின் முன்விளிம்பு பிய்ந்து, 14 பேரும் இறந்தார்கள். முதல் பயணம் நல்லபடியாக முடிந்தது என்பதற்காக, எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, பார்த்தீர்களா?

வீட்டிலும் ஷிப்ட் உண்டு. காலையில் மருமகள் மாத்திரை கொடுத்தாள். மாலையில் மகன் வந்தான். ‘அப்பாவுக்கு மாத்திரை குடுத்தாச்சா?’ ‘குடுத்திருப்பா...’ இந்த ‘குடுத்திருப்பா’ ஆபத்தானது. ஒரு காலண்டரைச் சுவரில் மாட்டி, கொடுத்தவுடன் கொடுத்தவரே ஒரு டிக் போடட்டும்.

கேட்பவர் ஒருவர், ஓட்டுபவர் ஒருவர்

நம் நாட்டிலும் நடந்தது. 1996, நவம்பர் 12. டெல்லிக்கு அருகே சர்க்கி தாத்ரியில் சவூதி விமானமும் கஜகஸ்தான் விமானமும் நடுவானில் மோதி 349 பேர் பலியானார்கள். கஜகஸ்தான் விமானம் 15,000 அடியிலேயே இருந்திருக்க வேண்டும். அதற்கும் கீழே இறங்கிவிட்டது. அந்த விமானத்தில் கோபுரத்தோடு ஆங்கிலத்தில் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர், ஓட்டியவர் வேறு. அந்தக் குழுவுக்கு ஆங்கிலம் போதாததும், உத்தரவைத் தவறாகப் புரிந்துகொண்டதும் விசாரணையில் சொல்லப்பட்ட காரணங்களில் சேர்ந்தவை.

நோயாளிக்குப் பதிலாக வேறொருவர் போய் வைத்தியரிடம் கேட்டு வருவதும் இதே மாதிரிதான். மூட்டுவாதத்துக்கு நவீன மருத்துவர்கள் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். வாய்வழியாக வந்த செய்தி திரிந்து, தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கூடப் போகிறவர் கேட்டு வரட்டும்; ஆனால் எழுதி வாங்கி வரட்டும்.

நாசூக்கு பார்க்கும் நேரமா இது?

1990, ஜனவரி 25. கொலம்பியாவிலிருந்து வந்த ஏவியன்கா விமானம் நியூயார்க் அருகே ஒரு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துக் காத்திருந்தது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. ‘எமர்ஜென்சி என்று சொல்’ என்று தலைமை விமானி துணை விமானியிடம் சொன்னார். துணை விமானியோ, எரிபொருள் குறைகிறது என்று மட்டும் சாதாரணக் குரலில் சொன்னார். எமர்ஜென்சி என்ற வார்த்தை கடைசிவரை அவர் வாயில் வரவில்லை. கீழே இருந்தவர்களும் அவசரம் காட்டவில்லை. விமானம் மலைச்சரிவில் விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள்.

நம் ஜனங்களும் இப்படித்தான். நெஞ்சை அழுத்தும், கைக்குப் பரவும், வேர்த்துக் கொட்டும். ஆஸ்பத்திரியில் போய் ‘கொஞ்சம் வாயு மாதிரி இருக்கு’ என்பார்கள்! அங்கே சங்கோஜம் வேண்டாம். ‘நெஞ்சுவலி. எட்டு மணிக்கு ஆரம்பிச்சது’ என்று உடைத்துச் சொல்லுங்கள்.

அதேபோல எதையும் மறைக்காதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே, அதைச் சொல்லாமல் எங்களிடம் சிறுகுறிஞ்சான் சூரணம் வாங்குகிறார்கள். இரண்டுமே சர்க்கரையைக் குறைப்பவை. அளவுக்கு மீறி இறங்கினால் மயக்கம்தான். ஆங்கில மருத்துவரிடமும் எங்கள் மருந்தைச் சொல்லுங்கள். அவர் திட்டினாலும் பரவாயில்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு வந்த பட்டியல்

விமானிகள் கிளம்பும்முன் ஒரு பட்டியலை வைத்துச் சரிபார்ப்பார்கள். அதே வழியில் உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கு 19 அம்சங்கள் கொண்ட பட்டியல் ஒன்றைத் தந்தது. நோயாளியின் பெயர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று வாய்விட்டுக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது, இறப்பு 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை... ஒரு தாள்!

உங்கள் வீட்டுப் பட்டியல்

* சாப்பிடும் எல்லா மருந்துகளின் பெயர், அளவு, வேளையை ஒரே தாளில் எழுதுங்கள். சித்தா, ஆயுர்வேதம், ஆங்கிலம் எல்லாம் சேர்த்து. எந்த வைத்தியரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள்.

* ஒத்துக்கொள்ளாத மருந்தைத் தாளின் தலைப்பில் பெரிதாக எழுதுங்கள்.

* சூரணத்தை வேறு டப்பாவுக்கு மாற்றினால் பெயரும் தேதியும் ஒட்டுங்கள். எல்லாப் பொடியும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

* சீட்டில் எழுத்துப் புரியவில்லையா? கடைக்காரரைக் கேட்டு ஊகிக்காதீர்கள், எழுதியவரிடமே கேளுங்கள்.

* அனுபானத்தை, அதாவது தேனா, நெய்யா, மோரா, வெந்நீரா என்பதை, மருந்தின் பெயருக்குப் பக்கத்திலேயே குறியுங்கள்.

* எந்த மருந்தையும் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

‘இத்தனை தடவை கேட்டால் வைத்தியர் கோபித்துக்கொள்ள மாட்டாரா?’ என்று தயங்காதீர்கள். திருப்பிக் கேட்கிற நோயாளி எங்களுக்கு ஒத்தாசை செய்கிறார். கோபித்துக்கொள்கிற வைத்தியர் என்றால்... நீங்கள் வேறு வைத்தியரைப் பார்ப்பது நல்லது!