தாண்டியவள் எங்கே?

சென்ற மாத விளையாட்டு விழாவில் படம் எடுக்கும் பொறுப்பு எனக்கு. பள்ளிக்குள் செல்போன் கூடாது அல்லவா? அதனால் ஆய்வகப் பீரோவில் இருந்த, 2006-இல் வாங்கிய டிஜிட்டல் கேமராவை அறிவியல் ஆசிரியை எடுத்துக் கொடுத்தார்.

நீளம் தாண்டுதலில் என் தோழிக்கு முதல் பரிசு. மூன்று முறையும் அவள் கால் எழும்பும்போது சரியாகத்தான் பட்டனை அமுக்கினேன். ஆனால் மூன்று படத்திலும் அவள் மணலில் உட்கார்ந்திருந்தாள்! "ஏன்டி, நான் தாண்டவே இல்லையா?" என்று அழுதே விட்டாள். அன்று இரவு எனக்குத் தூக்கமே வரலை.

என் மாமா முன்பு கல்யாணங்களுக்குப் படம் எடுத்தவர். படங்களைப் பார்த்துவிட்டு, "நீ லேட் இல்லம்மா, கேமராதான் லேட்டு" என்றார். பட்டனை அமுக்கும் கணத்துக்கும் படம் பதிவாகும் கணத்துக்கும் இடையே உள்ள தாமதத்துக்கு 'ஷட்டர் லேக்' என்று பெயர்.

மாமாவிடம் பென்டாக்ஸ் கே1000 என்ற ஃபிலிம் கேமரா உள்ளது. அதில் ஃபோகஸ், வெளிச்சம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கையால் திருகி வைத்துவிட வேண்டும். அமுக்கியதும் உள்ளே கண்ணாடி மேலே எழும்பும், ஷட்டர் திறக்கும். அவ்வளவுதான்! ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் வேலை முடிந்துவிடும்.

பழைய சிறிய டிஜிட்டல் கேமராவோ அமுக்கிய பிறகுதான் யோசிக்கும். லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே தெளிவு என்று தேடும். வெளிச்சத்தை அளக்கும். பின்பக்கத் திரைக்குக் காட்சி அனுப்பிக்கொண்டிருந்த சென்சாரைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும். இதற்குள் அரை நொடி, சிலவற்றில் ஒரு நொடிகூட ஓடிவிடும். 100 மீட்டரை 16 நொடியில் ஓடுபவர் அரை நொடியில் 3 மீட்டர் போய்விடுவாரே! (தானே ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமராக்களிலும் ஓரளவு தாமதம் உண்டு.)

இன்றைய செல்போன்கள் பலவற்றில் தந்திரம் வேறு. நாம் அமுக்கும் முன்பே படங்களை எடுத்து எடுத்து நினைவில் வைத்திருக்கும். அமுக்கியதும் அந்தக் கணத்துப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்.

சரி, பழைய கேமராவுக்கு என்ன வழி? பட்டனைப் பாதி மட்டும் அமுக்கிப் பிடியுங்கள். ஃபோகஸும் வெளிச்சமும் அப்போதே முடிந்துவிடும். சமயம் வந்ததும் மீதியை அமுக்குங்கள்.

நானும் மாமாவும் ஓடும் ஸ்டாப் வாட்சைப் படம் எடுத்துச் சோதித்தோம். 10 நொடி ஆனபோது அமுக்கினால் படத்தில் 10.8! பாதி அமுக்கி வைத்து எடுத்தால் 10.2 தான்.

மறுநாள் பி.டி. வகுப்பில் தோழி மீண்டும் தாண்டினாள். அவள் கால் ஊன்றும் பலகையைப் பார்த்துப் பாதி அமுக்கிக் காத்திருந்தேன். அந்தப் படம்தான் பக்கத்தில் ஒட்டியிருப்பது. பரிசு வாங்கிய தாண்டல் இது இல்லை. ஆனால் இரண்டு காலும் காற்றில் இருக்கிறது, பாருங்கள்!

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி