நோயாளியே அளவுகோல்

மணலியை அடுத்த மாத்தூரில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால், அவர் ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குச் சென்று தம் துன்பத்தைத் தமிழிலேயே சொல்லலாம், கேட்பவரும் தமிழரே. நீலகிரி மாவட்டம் கூடலூரில் வாழும் பணியர் பழங்குடியினருக்கு இவ்வாய்ப்பு நெடுங்காலம் வாய்க்கவில்லை. வீட்டில் பேசுவது பணியர் மொழி. மருத்துவமனையில் ஒலிப்பதோ தமிழ், மலையாளம், ஆங்கிலம். தலைமுறை தலைமுறையாக நிலவுடைமையாளரிடம் கொத்தடிமைகளாக உழைத்த மக்கள் அவர்கள். அதட்டும் குரலுக்கு மறுமொழி கூறாமல் நிற்கவே பழக்கப்படுத்தப்பட்டிருந்தனர். அந்த மௌனத்தைச் சம்மதம் என மருத்துவர் கொண்டால், சிகிச்சை முதலடியிலேயே பிழைபடும். நோயாளி மறுமுறை வரமாட்டார்.

இத்தகைய இடைவெளியை ஆராய்ந்தவர், நியூசிலாந்தின் மவோரி இனச் செவிலியர் இரிஹபெட்டி ராம்ஸ்டன். அவர் வளர்த்த கருத்துக்குப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று பெயர். பண்பாட்டைக் காத்தல் என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. மருத்துவம் நாடி வருபவர் தம் இன அடையாளத்தால் இழிவுக்கு ஆளாகாதிருத்தல் என்பதே பொருள். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் மன்றம் இதனைப் பாடத்திட்டத்தில் சேர்த்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பழங்குடியினரின் சடங்குகளைப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்வதை ராம்ஸ்டன் விரும்பவில்லை. செவிலியர் முதலில் தம் பழக்கங்களையும் தம் கையிலுள்ள அதிகாரத்தையும் ஆராய வேண்டும் என்றார். சிகிச்சை பாதுகாப்பாக அமைந்ததா என்பதை அதனைப் பெற்றவரே முடிவு செய்வார். இதுதான் பலருக்கும் உறுத்திய பகுதி போலும்!

கூடலூரில் 1990இல் தோன்றிய 'அஸ்வினி' அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை வேறு வழியில் இதே இடத்தை அடைந்தது. அங்குப் பழங்குடிப் பெண்களுக்கே செவிலியர் பயிற்சி அளிக்கப்பட்டது. நோயாளியின் மொழி, மருத்துவமனையின் மொழியும் ஆயிற்று.

ஆயினும் மலையில் பணியாற்றுவோர் எல்லாரும் மலையில் பிறந்தவர் அல்லர். சென்னையில் பயின்று அங்குச் செல்லும் இளம் மருத்துவருக்குப் பயிற்சி எங்கே தேவை என்பதைக் கதிர் அரிவாள் இரத்தசோகை காட்டும். அப்பகுதிப் பழங்குடியினரிடம் காணப்படும் இம்மரபுநோயில் சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. தாங்கொணா வலி உண்டாகிறது. புறத்தே காயமோ வீக்கமோ தெரியாமல் இருக்கலாம். பயிற்சி பெறாதவர் 'நடிக்கிறார்' என்று எண்ணக்கூடும். பயிற்சி பெற்றவர், வலி எப்போது தொடங்கியது, உடன்பிறந்தார்க்கும் உண்டா என அமர்ந்து வினவுவார். பச்சிலை உண்டதாகச் சொன்னாலும் கடிந்துகொள்ளார். கடிந்தால் அடுத்த முறை அது மறைக்கப்படும். தாம் தரும் மருந்தோடு அந்த இலை முரண்படுமா என்று அவரால் அறியவே இயலாது.