பலகையில் எழுதாத உயரம்

ரயில் நிலையத்து மஞ்சள் பலகையின் அடியில், கடல் மட்டத்திலிருந்து அந்த இடம் எத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருக்கும். கோவை சுமார் 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, பெங்களூரு ஏறத்தாழ 900, ஊட்டி 2,200ஐ ஒட்டி. சென்னைக்குச் சராசரியாக ஆறேழு மீட்டர்தான்.

மேட்டில் இருக்கும் ஊர் தப்பிக்கும், கரையோர ஊர்தான் மூழ்கும் என்று இந்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாறுவோம். 2022 செப்டம்பரில் பெங்களூரின் வெளிவட்டச் சாலைப் பக்கம் ஐ.டி. ஊழியர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். அங்கே நிரம்பிய ஏரிகளைவிடத் தெருக்கள் தாழ்வு. 900 மீட்டர் உயரம் உதவிக்கு வரவில்லை. தண்ணீர் பார்ப்பது பக்கத்து நிலத்தின் மட்டத்தைத்தான்.

தென்சென்னையின் மட்டம் எப்படிப்பட்டது என்பதற்கு 200 ஆண்டுப் பழைய சாட்சி ஒன்று உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி, 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த பெரும் நில அளவைக்கு அதுதான் முதல் அடிக்கோடு. சுமார் 12 கிலோமீட்டரை அளந்து முடிக்க 57 நாள் பிடித்தது. நிலம் கிட்டத்தட்டத் தட்டையாகக் கிடந்ததால் அந்த வெளி அவருக்குத் தோதாக இருந்தது. வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் இன்று அந்த வெளியில்தான் இருக்கின்றன. சங்கிலி போட வாகான தரையில் மழைநீர் ஓடாது, நிற்கும்.

அந்தப் பக்கத்து ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, முட்டுக்காட்டில் கடலைத் தொட வேண்டும். வழி நெடுகச் சரிவு சொற்பம். கடல் ஏற்றத்தில் இருந்தால் கால்வாய் நீர் தேங்கிவிடும். அதுவரை தண்ணீரைத் தாங்க வேண்டிய சதுப்பு ஒருகாலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர். அதன் பெரும்பகுதியில் இப்போது குடியிருப்பும் சாலையும் குப்பைக் கிடங்கும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் இந்தப் பகுதிக்குள் படகு விட நேர்ந்தது.

இயற்கைப் பள்ளம் போதாதென்று நாமும் பள்ளம் செய்கிறோம். பழைய தெரு ஒன்றில் நின்று வாசற்படிகளை எண்ணிப் பாருங்கள். கட்டியபோது மூன்று படி ஏறிப் போன வீட்டுக்கு இன்று ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டதன் பலன் இது. வாசலில் செங்கல் அடுக்கி அரையடித் தடுப்பு கட்டுகிறார்கள். வசதியுள்ளவர்கள் ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள். அங்கே தேங்கிய நீர் தூக்காத பக்கத்து வீட்டுக்குப் போகிறது.

மனை வாங்குவோர் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் பார்க்கிறார்கள், மட்டத்தைக் கேட்பதில்லை. மனையின் மட்டம், தெருவின் மட்டம், மழைநீர் வடிகாலின் அடிமட்டம் ஆகிய மூன்றையும் சர்வேயரை வைத்து எடுக்கலாம். வடிகாலின் அடி மனையைவிட மேலே இருந்தால், மோட்டார் போடாமல் தண்ணீர் வடியாது. பழைய கிராம வரைபடத்தில் அந்த சர்வே எண் ஏரியா, ஓடையா என்று பாருங்கள். பெயரும் சொல்லும்: தாங்கல், மடுவு, பள்ளம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரி இல்லை.

இவை எதற்கும் நேரமில்லையென்றால், பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுச் சுவரில் பழைய வெள்ளத்தின் கறையைத் தேடுங்கள். அது உங்கள் முழங்காலுக்கு மேலே இருந்தால், அட்வான்ஸைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள்.